பசைத் தடத்தோடு ஒரு படம்

(அண்ணா, இது அம்மாவின் கடிதம். அம்மாவின் கை முழுக்கப் பசை என்பதால் நான் எழுதுகிறேன். அம்மா சொல்வது அத்தனையையும் உண்மையாக எழுதுவேன், எதையும் மறைக்க மாட்டேன். என் சொந்தக் கருத்து ஏதாவது இருந்தால் இப்படி அடைப்புக்குறிக்குள் வரும்.)

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அந்த இருமல் விட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனைத் தள்ளி வைத்துக்கொண்டு இருமினால் எனக்குக் கேட்காது என்று நினைக்காதே. ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதை முதலில் நிறுத்து. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, பஸ் ஓட்டும்போது வலிக்கவில்லையாம், கடைக்குப் போய் வாருங்கள் என்றால் மட்டும் வலிக்கிறதாம். உன் தங்கை படிக்கப் புத்தகம் இல்லாமல் இப்போது மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாளையெல்லாம் விரித்துப் படிக்கிறாள். (உண்மைதான். அதில் பக்கவிளைவுகள் பகுதி நன்றாக இருக்கும்.) இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா, விடும்மா என்று நீ முடித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி முடிக்க முடியாது, அதனால்தான் இவளை உட்காரவைத்து எழுதச் சொல்லி, தாளைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் நான் செய்த காகிதக் கட்டடம்தான். நம் வீட்டு ஜன்னலில் தெரிகிற எதிர்க் கட்டடத்தை, நான் வேலை பார்க்கிற கிளினிக் கவுண்டரில் பிரித்துப்போட்ட பழைய உறைகளை வைத்தே செய்தேன் என்று உனக்குத் தெரியும். முகப்பு மட்டும்தான், படம் போலத் தட்டையாக; பழுப்பு உறை சுவராயிற்று. சில உறைகளின் உள்பக்கம் நீலத்தில் பொடிப்பொடியாக அச்சிட்டிருக்கும், அது ஜன்னல் கண்ணாடி. மாடிக்கு மாடி பால்கனி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கொடியில் துணி தொங்கும். தண்ணீர்க் குழாய் கோணலாக இறங்கும், ஏனென்றால் அங்கே குழாய் கோணல்தான். அதைத் தரையில் வைத்து நான் எடுத்த படம் மஞ்சளடித்துப்போயிருந்தது, உன் அப்பா எட்டிப் பார்த்ததில் அவர் தலை நிழல் வேறு மேல்மாடியில் விழுந்துவிட்டது. நீ சேர்ந்திருக்கிற அந்தக் கைவேலைக் குழுவின் இணையக் கண்காட்சியில் சேர்க்கச் சொல்லி உனக்கு அனுப்பினேன். நீ என்ன செய்தாய், நல்லது செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் துடைத்தாய். அப்பா தலையை எடுத்தாய், அது சரி. ஆனால் பால்கனி நிழலையும் எடுத்தாய், பென்சில் கோட்டை எடுத்தாய், பசையில் பதிந்திருந்த என் கட்டைவிரல் ரேகையை எடுத்தாய், கோணல் குழாயை நிமிர்த்திவிட்டாய். படத்தைப் பார்த்தபோது எனக்கே இது எந்தக் கட்டடம் என்று இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். குழுவை நடத்துகிற அந்த அம்மாள், இது கையால் செய்தது இல்லை, கணினியில் வரைந்தது, கையால் செய்ததற்கு மட்டும்தான் இங்கே இடம் என்று எல்லோரும் பார்க்கிறமாதிரி எழுதினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ என் பெயரில், தவறுக்கு வருந்துகிறேன், படத்தை எடுத்துவிடுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறாய். உன் தங்கை அதைப் படித்துக் காட்டியபோது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது, நல்லவேளை நீ தூரத்தில் இருந்தாய். (அம்மா சிரிக்காமல் சொன்னாள்.) எந்தத் தவறுக்கு நான் வருந்தினேன்? பொய்க்காரி என்று ஒருத்தி சொல்ல, ஆமாம் என்று என் வாயால் நீ சொல்லியிருக்கிறாய். கேட்டதற்கு உன் ஆபீஸ் ஆட்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், நான்தான் படத்தை மாற்றினேன் என்று எப்படிச் சொல்வது என்கிறாய். "யாரும்மா இதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க" என்றாய். நான் வைத்திருப்பேன்.

அதனால் விடுவதாக இல்லை. முதலில் கீழே ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன், ஸ்கேன் எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும் என்று. நான் கண்ணாடிமேல் குப்புற வைத்து வாயைத் திறப்பதற்குள், அந்தக் கடைக்காரர் இத்தனை வருஷமாகத் தடித்தடிப் புத்தகங்களை அமுக்கி நகல் எடுத்த பழக்கத்தில் மூடியை இறக்கி இரண்டு உள்ளங்கையாலும் ஒரு அமுக்கு அமுக்கினார். மூன்றாம் மாடி போயிற்று. எல்லா பால்கனியும் துணியோடு சப்பையாகிவிட்டது. பாவம், மனிதர் அழாத குறை. நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் தன் பழைய ஸ்கேனரை அவரே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார், "இனிமே யாரும் அமுக்க முடியாதுல்ல" என்று. இப்போது நான் அந்த மூன்றாம் மாடியைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நசுங்கிய மடிப்புத் தெரியத்தான் செய்யும், தெரியட்டும்.

மூடியில்லாமல் எடுத்தால் வெளிச்சம் புகுந்து எல்லாம் வெளுத்துப்போகிறது. உன் தங்கைதான் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அறையை இருட்டாக்கி எடுத்துப் பார்த்தாள். (முதலில் என் கையை வைத்துச் சோதித்தேன் அண்ணா. சுற்றிலும் மை போலக் கறுப்பு, நடுவில் கை மட்டும், நகத்து அழுக்குவரை தெரிந்தது. அழுக்கைக் கழுவிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றேன், அம்மா கூடாது என்றுவிட்டாள்.) அப்படித்தான் எடுக்கப்போகிறேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம்தான் எனக்கு முக்கியம், பசை வழிந்தது, பென்சிலில் கணக்குப் போட்டது, தப்பாக வெட்டி ஒட்டுப்போட்டது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. உறையில் கிளினிக் பெயர் தெரிகிற இடத்தில் மட்டும் தாள் ஒட்டிவிட்டேன். பின்பக்கத்தை யாராவது காட்டுவார்களா என்று உன் அப்பா கேட்டார், நான் காட்டுவேன் என்றேன், அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இனி உன் கணக்கிலிருந்து எனக்காக எதுவும் போடாதே, எனக்குத் தனியாக ஒன்று திறந்தாயிற்று. அந்த அம்மாளுக்கு படத்தோடு அனுப்ப நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: இது என் கைவேலை, முன்னும் பின்னும் பாருங்கள், என் பெயரில் கேட்ட மன்னிப்பு என்னுடையது இல்லை. அது யாருடையது என்று நான் எழுதவில்லை. அதை நீ எழுத வேண்டும். எழுதினால் உன் ஆபீஸில் ஒருநாள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அதில் நீ ஒன்றும் தேய்ந்துபோக மாட்டாய். எழுதாவிட்டாலும் என் படம் போகும், கண்காட்சியில் சேர்க்காவிட்டாலும் திரும்பத் திரும்பப் போகும். ஆனால் என் பிள்ளை எழுதினான் என்று இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். (இந்த இடத்தில் அம்மா பசை காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்தாள்.)

கோபத்தில் சொன்னாலும் உன்மேல் உள்ள பிரியத்தில் ஒரு துளியும் குறையவில்லை. நீ நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நல்லபடியாக இருக்க வேண்டும். இருமல் மருந்தை மூடியில் அளந்து குடி, பாட்டிலோடு வாயில் வைக்காதே. எழுத வேண்டியதை இன்றைக்கே எழுது.

இப்படிக்கு,
யாரிடமும் மன்னிப்புக் கேட்காத
உன் அம்மா

(அண்ணா, கையெழுத்து அம்மாவே போட்டாள், பக்கத்தில் இருக்கும் கறை பசை. துடைக்கவில்லை. கட்டடத்தைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டாள், அப்பா கதவிடுக்கில் துண்டைச் செருகிக்கொண்டிருக்கிறார். இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள்.)