திரையில் பெயர் மட்டும்

அம்மாவுக்கு, மணிலாவிலிருந்து ரெனான் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள்.

செல்போனிலேயே கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என்னை முதலாளி இப்போது கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார். மென்பொருளும் பெரியது. சனிக்கிழமை தேவாலயத்தில் காலையில் எடுத்ததை மதிய விருந்தில் காட்ட வேண்டியிருந்தது. கடைசி வேலையை மண்டபத்தில் முடித்துக்கொள்ளலாமென்று, வெட்டி ஒட்டிச் சேமித்த ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் மணமக்கள் பெயர் மட்டும் அழகாக மின்னியது.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கடா?" என்றார் முதலாளி.

"ஆபீஸ்ல இருக்காங்கண்ணே."

"இது செல்போன் இல்லடா. இந்த ஃபைல் படத்த உள்ள வச்சுக்காது. எது எங்க இருக்குன்னு மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கும். இடம் மாறினா இப்படித்தான் முழிக்கும்."

மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்குப் போய், காலையில் எடுத்த படமெல்லாம் இருந்த டிஸ்க்கை எடுத்து வந்தேன். கேக் வெட்டுவதற்குள் படம் ஓடிவிட்டது. முதலாளி பொரித்த பன்றித் தோலை என் தட்டில் வைத்தார். ஆகவே வேலை போகவில்லை, கவலை வேண்டாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இங்கே விற்பதில் வெறும் உப்புதான்.

முதலாளி கூப்பிடுகிறார். என் அறையை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னீர்களே, விடுங்கள். கட்டிலை மட்டும் சன்னலோரத்திலிருந்து நகர்த்த வேண்டாம் என்று குடிவருபவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ரெனான்