ஓடாத பத்தொன்பது வரிகள்

மார்ச் 3
இன்றும் 412 சோதனைகளும் பாஸ். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப்பெட்டி. அதன் ஹீட்டரை இயக்கும் மென்பொருள் எங்களுடையது. "அப்ப ரிலீஸ் பண்ணிடலாம்" என்றார் லீடர். அந்தச் சோதனைகளில் நிரலின் எத்தனை வரி உண்மையாகவே ஓடியது என்று கேட்டேன். "பாஸானதுக்கு அப்புறமும் பரீட்சை எழுதணும்னு நிக்கிறியேம்மா." கெஞ்சி இரண்டு வாரம் வாங்கியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 6
ஓடிய வரிகளைக் குறித்துக்கொள்ளும் கவரேஜ் கருவிகள் எல்லாம் கோப்பில் எழுதுபவை. பெட்டிக்குள் இருக்கும் எங்கள் குட்டி சர்க்யூட் போர்டில் கோப்பு வைக்க இடம் ஏது?

மார்ச் 9
வரிக்கு வரி எண்ணிக்கை வைத்தேன். நினைவகம் நிரம்பி போர்டு படுத்துவிட்டது. லீடர் எட்டிப் பார்த்தார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டே."
அக்காவிடம் போனில் புலம்பினேன். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ் அவள். "உன் பாஷை எனக்குப் புரியலடி. ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு நாங்க சார்ட்ல எழுத மாட்டோம்."

மார்ச் 11
மடச்சி நான். வருகைப் பதிவேட்டில் வந்தானா, வரவில்லையா என்றுதானே குறிக்கிறோம்? ஒரு வரி எத்தனை தடவை ஓடியது என்பது எனக்கு எதற்கு? ஒரு எண்ணிக்கைக்கு முப்பத்திரண்டு பிட் போனது; இதற்கு ஒரு பிட் போதும். முப்பத்திரண்டில் ஒரு பங்கு இடம்! சோதனை முடிந்ததும், சோதனைகளை ஓட்டும் ரன்னரே அதையெல்லாம் சீரியல் கம்பி வழியாக என் கணினிக்கு அனுப்பிவிடும். ஓடிய வரி பச்சை, ஓடாதது சிவப்பு.

மார்ச் 13
வேலை செய்கிறது.

மார்ச் 14
பச்சை, பச்சை, பச்சை — நடுவில் பத்தொன்பது வரி சிவப்பு. குழந்தையின் தோலில் ஒட்டிய சென்சார் கழன்றால் ஹீட்டரை அணைக்கும் பகுதி. ஒரு சோதனைகூட அதைத் தொட்டதில்லை. புதிதாக ஒன்று எழுதி ஓட்டினேன். தோல்வி. கழன்ற சென்சார் காட்டும் அளவை வைத்து, குழந்தை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டர் இன்னும் சூடாகிறது. யாரு எழுதினது இதை? தேடிப் பார்த்தேன். நான்தான். மூணு வருஷம் முன்னாடி.

மார்ச் 16
யார் எழுதியது என்பதையும் சேர்த்தே லீடரிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பத்தொன்பது வரியையும் விரல் வைத்துப் படித்தார். "இதைச் சரிபார்த்து ஓகே சொன்னது நான்மா." எழுந்து போய் ரிலீஸை நிறுத்திவிட்டு வந்தார். இருவரும் சேர்ந்து திருத்தி, இன்னும் ஆறு சோதனை எழுதினோம். 419 பாஸ், சிவப்பு ஒன்றுகூட இல்லை. லிஃப்டில் யாரும் இல்லை, ஆடியேவிட்டேன்.

ஆகஸ்ட் 22
அக்கா கூப்பிட்டாள். போன மாதம்தான் அவள் வார்டுக்கு எங்கள் பெட்டிகள் போயின. "உன் பொட்டி இன்னைக்குக் கத்திச்சுடி. ஓடிப் போய்ப் பார்த்தா சென்சார் கழண்டு கெடக்கு. ஹீட்டர் தானாவே அணைஞ்சிருந்துச்சு."
"குழந்தை?"
"அது பாட்டுக்குத் தூங்குது. ஒன்றரைக் கிலோ."
உடனே லீடரைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "எத்தனை கிலோன்னு சொன்னே?" என்றார்.