கேட்காமல் ஊறிய பால்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பட்டாசுக் கம்பெனி வேன்கள் வரவில்லை. தெருவில் சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வீடு திரும்பினேன். இவர் அச்சாபீஸ் போய்விட்டார். காலண்டர் சீசன்.

எட்டாம் மாதம். ஆண் பிள்ளை. வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது. ஒரு தடவை முகத்தைக் காட்டினார்கள். இவரும் அண்ணனும் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

மதியம் நைட்டி நனைந்திருந்தது. தண்ணீர் சிந்தியதென்று நினைத்தேன். பால்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம்தான். இரத்தத்தில் வரும் குளுக்கோஸில் ஒரு பங்கை மார்பின் செல்கள் காலக்டோஸாக மாற்றும். அதை இன்னொரு குளுக்கோஸோடு இணைத்தால் லாக்டோஸ், பாலின் சர்க்கரை. அது தண்ணீரை இழுக்கும், பால் பெருகும். நஞ்சுக்கொடி வெளியேறி புரோஜெஸ்டிரோன் இறங்கினால் போதும், வேலை மும்முரமாகிவிடும். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று உடம்பு கேட்பதில்லை. இதை வகுப்பில் சொன்னதில்லை.

அக்டோபர் 8, புதன்

சமையல் கேஸ் தீர்ந்தது. மல்லாங்கிணறிலிருந்து மதினி வந்தார், அண்ணன் மனைவி. மல்லிகைப்பூவை மார்பில் வைத்து பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். ரெண்டு நாளில் பால் வற்றிவிடுமாம். கல்லாகக் கனக்கிறது. காய்ச்சல்.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அக்டோபர் 9, வியாழன்

தையல் காட்ட இவரோடும் மதினியோடும் ஆஸ்பத்திரி. மார்புக் கட்டைப் பார்த்த நர்ஸ், பால் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உள்ளே ஒரு குறைமாதப் பெண் குழந்தை. அம்மா நாரணாபுரம் பக்கம் பட்டாசு வேலை. வெடிவிபத்தில் வெந்துபோய், பிரசவமானதும் மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். பால் வங்கியில் இருப்பு குறைவாம்.

மதினிக்குப் பயம். "நம்ம புள்ள வாயில படாத பாலு. ஊரான் புள்ளைக்குக் குடுத்துட்டு தெனமும் அழுவியா?"

இவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

எடுத்தால்தான் ஊறும், கட்டிவைத்தால் நின்றுவிடும். எனக்குத் தெரியாததா. பாத்ரூமில் கட்டை அவிழ்த்தேன். பூவெல்லாம் பழுப்பாகியிருந்தது. இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். சோதனை சரியாக இருந்தால்தான், அதுவும் சூடாக்கித்தான் கொடுப்பார்களாம்.

அக்டோபர் 10, வெள்ளி

இயந்திரம் வைத்து எடுத்தேன். கால் டம்ளர் தேறவில்லை. முழு நேரமும் அழுகை. மதினிக்கு இன்னும் மனசில்லை. ஆனால் பூண்டு வேகவைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பால் ஊறக் கொடுப்பது.

அக்டோபர் 13, திங்கள்

வெயில். சோதனை சரி. இன்று குழந்தைக்குக் கொடுத்தார்கள். நானும் இவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். மூக்கில் குழாய். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்த அம்மா மேல் எனக்குப் பொறாமை. உடம்பெல்லாம் வெந்து கிடப்பவள் மேல். எழுதவே கூசுகிறது.

குழந்தையின் அப்பா வந்தார். சின்ன வயது, நகக்கண்ணில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து. கும்பிடப் போனவரைத் தடுத்தேன். பிறகு கேட்டார்.

"ஒங்க புள்ளைக்கு என்ன பேரு வச்சீக அக்கா?"

இதுவரை ஒருவரும் கேட்காதது. வைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து இவர் குரல்.

"இளமாறன்."

அவர் போனதும் கேட்டேன், எப்போது வைத்தீர்கள் என்று. இவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மண்ணுக்குள்ள எறக்கயில என்னன்னு சொல்லிக் கூப்புட? அதான் வச்சேன்."