அம்மாவின் கிழவர் வென்ற ஞாயிறு

அம்மா,

எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கடிதம் வாசிக்க உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் குவைத்தில் இருந்த காலத்தில் நான் எழுதி அனுப்பினால், "எழுத்தில உன்ர முகம் தெரியேல்லை, போன் எடு பிள்ளை" என்பீர்கள். நேரில் பேசவே கூச்சப்படுகிறவள் நான், போனில் இன்னும் மோசம். இப்போது எழுத்தை விட்டால் வேறு வழியும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு வாய் வரும்வரை வேறு கதை சொல்கிறேன்.

போன ஞாயிறு மாலை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். பின்வீட்டு ரீவியில் அந்தக் கார் ஓட்டப் போட்டி இரைச்சல் கேட்டது. திங்கள் கடல் தொழிலுக்கு முற்றத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, சிறிது நேரத்தில் போனோடு உள்ளே வந்தான்.

"அக்கா, அம்மாட கிழவர் வெண்டிட்டார்."

நாற்பது தாண்டிய கார் ஓட்டக்காரர், இனி அவரால் ஏலாது என்று எல்லாரும் சொல்லி முடித்த பிறகு வென்றிருக்கிறார். தம்பி கதிரையில் இருந்தான். உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டிய செய்தி.

அவரை நீங்கள் பிடித்துக்கொண்டது குவைத்தில் வேலை செய்த வீட்டில்தான். முதலாளியின் மகன்கள் ஃபோர்முலா வன் பார்க்கும் நேரமாகப் பார்த்து, உடுப்பு அயன் பண்ணி மினுக்கும் மேசையை ஹோலுக்குக் கொண்டுபோய்விடுவீர்களாம். இளம் பெடியன்கள் காரில் இருந்து துள்ளிக் குதிக்க, இவர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாராம். "அவனுக்கும் என்னைப்போல இடுப்பு," என்று சிரித்தீர்கள். ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. பூசைக்குத் தவறினாலும் ஓட்டத்துக்குத் தவறமாட்டீர்கள் என்று பங்குக் கோயிலில் பகிடி பண்ணினார்கள்.

அவர் கார் சில்லு மாற்ற ஒதுங்கினால் தம்பி தொடங்குவான். "அம்மா, உங்கட கிழவர் மருந்து குடிக்கப் போயிட்டார்."

"குடிச்சிட்டு வருவார். நீ முதல் உன்ர வள்ள எஞ்சினைத் திருத்து, மூண்டு நாளாக் கரையில கிடக்குது."

உங்களுக்கு ஐம்பது கடந்த பிறகு மன்னார் டவுனில் இருக்கும் வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குத் திரும்பவும் போனோம். எனக்கு அரசாங்க வேலை கிடைக்கும்வரை இன்னும் இரண்டு வருடம் உழைத்துவிட்டு வரலாம் என்பது உங்கள் எண்ணம். அங்கிருந்த பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. "வயசு கூடிட்டுது அன்ரி, இனி எடுக்கமாட்டினம்." வீட்டுக்குப் பேசாலை பஸ்ஸில் தள்ளாடி வரும்போது நீங்கள் வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்: "அவனுக்கு வயசு போயும் கார் குடுக்கினம். எனக்கு விசா தரேலாதாம்."

அந்த வாரமே நண்டுச் சதை எடுக்கும் கொம்பனிக்குப் போகத் தொடங்கினீர்கள். விரல் நுனியெல்லாம் கீறல். ஒரு ஞாயிறு, ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்.

"நீ மட்டும் அந்த வெளிநாட்டுப் பக்கம் போகப்படாது. படிச்ச பிள்ளை. வேலை வரும்வரைக்கும் இஞ்சயே நில். சொல்லு."

"ஓம்," என்றேன்.

அன்று கிழவர்தான் முதலாவதாக வந்தார். "பாத்தியே, எத்தினை வருசம் ஒண்டும் வெல்லாம ஓடினவன்."

நீங்கள் அன்று அவர் வென்றதைப் பார்த்தீர்கள். நான் பார்த்தது அதற்கு முந்திய வருடங்களை. ஒவ்வொரு முறையும் அவர் வேர்த்த முகத்தோடு இறங்கி, மற்றவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு நடப்பார். அவருக்குச் சில்லு மாற்றப் பத்துப் பதினைந்து பேர் காத்து நின்றார்கள். எனக்கு நீங்கள் ஒருவர்தான் நின்றீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம், ஆண்டுத் திருப்பலியும் முடிந்துவிட்டது. பட்டதாரி நியமனம் வரவில்லை. வரும் என்று சொல்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறேன். என்னோடு படித்தவர்கள் கொப்பி எடுக்க வந்தால் மெசினுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். தம்பி ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலே மீன் விற்ற காசில் அரிசி வாங்கி வைக்கிறான். அதுதான் கூடக் களைப்பாக இருக்கிறது.

கட்டாரில் ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் கிளார்க் வேலை இருக்கிறதாம். வீட்டு வேலை இல்லை. மினுக்குகிற மேசையும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் சொல்லச் சொல்கிறார்கள். அவர் இன்னும் ஓடட்டும், வெல்லட்டும். அவரைப்போல அவ்வளவு காலம் நிற்க என்னால் ஏலாது, அம்மா.

அண்டைக்கு நான் சொன்ன ஓமை எனக்குத் திருப்பித் தாங்கோ.