பஸ்மியே என்றொரு மட்டி

கிண்ணியா,
ஞாயிறு.

அன்பு மகள் றிஷானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் இருமலையும் என் முழங்காலையும் விட்டுப் பார்த்தால் இங்கே நாங்கள் சுகம், அல்ஹம்துலில்லாஹ். நோர்வேக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய், இந்தக் கதையைப் போனில் தொடங்கினால் நான் அழுவேன், நீயும் அழுவாய், பிறகு லைன் போய்விடும். பக்கத்து வீட்டு நஸ்ரி சேரின் மச்சான் ஒஸ்லோவுக்குத் திரும்பிப் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இடியப்ப மாவும் மாசியும் அதே பையில் இருக்கின்றன. போன முறை மாதிரி கட்டியபடியே வைத்துப் பூச்சிக்குத் தின்னக் கொடுக்காதே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ கண்டுபிடித்த புது மட்டிச் சிப்பி இனத்துக்குத் தங்கச்சியின் பெயரை வைக்க எங்கள் சம்மதம் வேண்டும், கட்டுரையை அச்சுக்கு அனுப்ப முதல் சொல்லுங்கள் என்றாய். எனக்கு விளங்கிய அளவில் வாப்பாவுக்குச் சொன்னேன். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி, வெயில் எட்டாத ஆழ்கடலில், அடிச் சேற்றிலிருந்து நம்முடைய குசினிச் சிலிண்டரில் இருப்பது மாதிரி ஒரு காஸ் கசிந்துகொண்டிருந்ததாம், அந்தக் காஸால் பிழைக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைத் தங்கள் உடம்புக்குள்ளேயே வைத்து வயிறு வளர்த்த மட்டிகளாம், பிறகு அந்தக் கடலடியே மெல்ல மெல்ல எழும்பி இன்றைக்குப் பனிமலையாய் நிற்கிறதாம், மட்டிகள் கல்லாகி, இரண்டு ஓடும் பிரியாமல் மூடியபடியே அதற்குள் கிடக்கின்றனவாம். காஸுக்கு வெயிலில் வரிசையில் நின்ற எனக்கு, இருந்த இடத்துக்கே காஸ் வந்த மட்டியைக் கேட்டுப் பொறாமைதான் வந்தது. வாப்பா சிரிக்கவில்லை. கடல் ஊருக்குள்ள வந்ததையே கண்ட நமக்கு இதென்ன புதினம் என்று மட்டும் சொன்னார். பெயர் வைக்கிற கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. கடல் கொண்டுபோன புள்ளைட பேரைத் திருப்பிக் கடல் சாமானுக்கே குடுக்க ஏலாது, அவவுக்குச் சொல்லிப்போடு என்று எழும்பிப் போய்விட்டார்.

அவரில் பிழை சொல்ல மாட்டேன் மகள். சுனாமியில் பிள்ளை போனதிலிருந்து அவர் அந்தப் பெயரை வாயால் எடுத்ததில்லை. மையித்தும் கிடைக்கவில்லை, போய் நின்று துஆக் கேட்க ஒரு கபுரும் இல்லை. இன்றைக்கும் பஸ், கீழே கடல் தெரிகிற கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிறார், நித்திரை என்று சொல்வார், நானும் நம்பியது மாதிரி இருப்பேன். ஆனால் எனக்கு ஆசையாய் இருந்தது. எங்கேயாவது ஓர் இடத்தில் அவள் பெயர் இருக்கட்டுமே என்று பெற்ற மனம் கிடந்து துடித்தது. வாப்பாவை மீறி உனக்கு ஓம் சொல்லவும் மனம் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நீ போனில் அனுப்பிய கட்டுரையை நஸ்ரி சேரிடம் காட்டினேன், இங்கிலீஷ் மாஸ்டர்தானே. அவர் ஹோலில் கதிரையைப் போட்டு இருந்து எழுத்தெழுத்தாய் வாசித்துக்கொண்டு போனார். வாப்பா பின்னால் கிணற்றடியில் சைக்கிள் கழுவிக்கொண்டு நின்றார். மட்டியின் பெயர் வந்த இடத்தில் சேர் சத்தமாய், பஸ்மியே, என்று வாசித்தார். கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்து, ஆரு புள்ளயக் கூப்பிட்டது, ஆரு கூப்பிட்டது என்று கேட்டாரே, அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். சேர் பயந்துபோய், நான் கூப்பிடல்ல காக்கா, இதில இப்படித்தான் கிடக்கு, கடைசி எழுத்து பிழை போல என்று போனை நீட்டினார். உடனே வாப்பாவுக்குக் கோபம். சொந்தத் தங்கச்சிட பேரையே சரியா எழுதத் தெரியல்ல, இவ என்னத்தைப் படிச்சவ என்று ஏசினார். அந்தச் சூட்டோடுதான் நான் உன்னைக் கூப்பிட்டு, ‘யா’ என்று முடிய வேண்டியதை ஏன் ‘யே’ என்று முடித்தாய் என்று ஏசினேன். நீ சிரித்துவிட்டு, லத்தீன் பாஷையில் ஒரு பெண்ணின் பெயரை வைத்தால் கடைசியில் அப்படித்தான் வரும் உம்மா, பஸ்மியாவுடையது என்று அர்த்தம் என்றாய். ஸ்பீக்கரில் வாப்பாவும் கேட்டுக்கொண்டு நின்றது உனக்குத் தெரியாது.

யோசித்துப் பார், பஸ்மியா என்று அவளை யார் கூப்பிட்டது? அது பிறப்புப் பத்திரத்தில் இருந்த பெயர். வீட்டில் அவள் பஸ்மிதான், குசினி வாசலில் நின்று நான் இழுத்துக் கூப்பிட்டது பஸ்மியே என்றுதான். வாப்பா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். பிறகு, பிழையில்ல, சரியாத்தான் எழுதியிருக்கா என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போனார். அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்மிட மட்டி என்ன நிறமாம் என்று கேட்டார். அவள் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை வருஷம். கல்லு நிறமாம் என்றேன். வைக்கச் சொல்லு, புள்ளயை ஆராவது கூப்பிடட்டும் என்றார்.

ஆகவே எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம் மகள். ஒரு நல்ல படம் எடுத்து அனுப்பு, வாப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே, மலையில் தனியாய் ஏறாதே. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்யட்டும், என் துஆ உன் பின்னாலேயே வரும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளைக்குப் பெரிய ஆட்களின் முன்னால் அந்தப் பெயரை வாசிக்கும்போது வாய்க்குள்ளே வைத்து மெல்லச் சொல்லாதே, உன் தங்கச்சி ஒரு கூப்பாட்டுக்கு வருகிற பிள்ளை இல்லை, கொஞ்சம் பலமாய்க் கூப்பிடு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற உம்மா,
றுக்கியா ஜவ்பர்.