அந்துருண்டை வாசனை

5.9.2005, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டது.

"கை பரபரன்னா உடனே எழுதி வைங்க" என்று பாண்டிச்சேரி டாக்டரம்மா சொன்னதால் இந்த நோட்டு. வீட்டுக்காரருக்குத் தெரியாது. தலைவலிக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று எடுத்தது: கஸ்தூரி அக்காவின் பிரஷ்.

எதற்கு? அதை வைத்து ஒரு புள்ளி வைக்கக்கூட எனக்குத் தெரியாது. பீங்கான் கம்பெனியில் என் வேலை, சூளைக்குப் போகும் முன் பொம்மைகளின் பிசிறைத் துடைப்பது. அக்கா பக்கத்துப் பலகை. பொம்மைகளுக்குக் கண் வரைந்து திறப்பவர். அவர் சாப்பிடப் போன நேரம். எடுத்தபோது படபடப்பு, பிறகு நிம்மதி. பஸ் ஏறுவதற்குள் அதுவும் போய்விட்டது.

பெட்டியில் புடவைக்கு அடியில் போட்டேன். ஏற்கெனவே அங்கே இருப்பவை: டிபன் மூடி, ஒற்றைக் கொலுசு, மூன்று ஹேர்பின், எந்தப் பூட்டுக்கோ ஒரு சாவி. எல்லாம் குப்பை. சீ.

6, செவ்வாய்

கொலு ஆர்டர் அவசரம். அக்கா புதுப் பிரஷ்ஷில் கண் வைத்தார். கை படியவில்லை. லட்சுமி பொம்மைக்கெல்லாம் மாறுகண்.

மேஸ்திரி: "என்னா கஸ்தூரி இது? நாளைக்கும் இப்டின்னா கண்ணு வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

அக்கா என்னிடம், "பதினோரு வருசமா அந்த பிரஷ்தான் தேவி. எங்கனா பாத்தியா?"

"இல்லக்கா." கூடவே பலகைக்கு அடியில் தேடவும் செய்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

7, புதன்

தூறல். முதல் ஆளாகப் போய் பிரஷ்ஷை அவர் பலகையில் வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நுனியைக் கூராக்க வழக்கம்போல் நாக்கில் வைத்தார். முகம் சுளித்தார். என்னைப் பார்த்தார்.

பெட்டியில் பூச்சிக்கு அந்துருண்டை போட்டிருக்கிறேன். என் புடவையெல்லாம் அதே வாசனை, கம்பெனியே கேலி செய்யும். பிரஷ்ஷிலும் ஏறியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

அக்கா சாயங்காலம் வரை கண் திறந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

8, வியாழன்

சோறு இறங்கவில்லை. அக்கா இல்லாவிட்டால் அங்கே எனக்கு யார்? குழாயடியில் சொல்லிவிட்டேன். "நான்தான்க்கா எடுத்தேன். கை நிக்க மாட்டங்குது. டாக்டர்கிட்ட போயிட்டுதான் இருக்கேன்." அழுகை.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுது. நீயா சொல்றியான்னு பாத்தேன்." கையைக் கழுவிக்கொண்டே, "வூட்டுல இன்னும் என்னென்ன வச்சிருக்க?"

வரிசையாகச் சொன்னேன்.

"அடிப்பாவி, அது என் டிபன் மூடிடி. ஒரு வருசமா தட்ட வச்சி மூடி எடுத்தாரேன்."

திட்டினாரா சிரித்தாரா தெரியவில்லை. ஆனால் சாப்பிட்டேன்.

9, வெள்ளி

மூடியைக் கொடுத்தேன். கொலுசு யாருடையது என்று விசாரிக்க வேண்டும். இன்றும் சர்க்கரை மறந்தேன்.

மதியம் அக்கா சாப்பிட எழுந்தார். பிரஷ்ஷைப் பையில் வைக்கவில்லை. என் கைக்கு எட்டும் தூரத்தில், பலகை மேலேயே விட்டுப் போனார்.

கை பரபரத்தது. ஈரத்துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். பிசிறே இல்லாததையும் துடைத்தேன். ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கை பாதி தேய்ந்துவிட்டது.

அக்கா திரும்பி வந்தார். உட்கார்ந்தார். பிரஷ்ஷை எடுத்து நாக்கில் வைத்தார்.

"வெறும் சாயந்தான்," என்றார்.