பழைய தழும்பைக் காட்டினேன்

இலத்தூர்
22-6-1958

அன்பு மகள் செண்பகவல்லிக்கு அப்பா பேச்சிமுத்து எழுதுதேன். இங்கன நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கோம், பம்பாய்ல நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். சாரல் தொடங்கியாச்சு, அருவியில தண்ணி நல்லா விழுது, செவலைப்பசு கிடாரிக் கன்னு போட்டிருக்கு. உன் காகிதம் வந்து எட்டு நாளாச்சு. பதில் எழுத உட்காருதேன், உடனே எழுந்திரிச்சுப் போயிடுதேன். அப்பா அம்மை குத்திக்கிட்டது நிம்மதி, ஆடியில பிள்ளையைத் தூக்கிட்டு வாரேன்னு எழுதியிருக்க. ஏட்டி, நான் குத்திக்கிடல. உனக்குப் பொய்தான் எழுதினேன்.

சித்திரையில, நான் வேலை பாக்குற வாதக்காரங்க விடுதிக்கு அம்மை குத்த ஆள் வந்தாவ. படுக்கையில கிடக்கிற வாதக்காரங்களைத் தொட்டுத் தூக்குறவங்க அத்தனை பேரும் குத்தியாகணும்னு சூப்பிரண்டு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அன்னைக்கு முப்பிடாதியம்மன் கொடைக்குக் கால் நாட்டி, என் கையில காப்பு கட்டியிருந்தது. சாமியாடுற உடம்புல ஊசி ஏத்தினா அம்மன் கோவிச்சுக்கிடுவான்னு ஒரு பயம். சின்ன வயசுல அம்மை குத்தின தழும்பைக் காட்டி, போன வருஷம்தான் ஊர்ல குத்தினாவன்னு சொல்லிட்டேன், குத்த வந்தவரும் அவசரத்துல அப்படியே எழுதிக்கிட்டாரு. கொடை முடிஞ்சு பத்துப் பன்னிரண்டு நாள்ல எனக்குக் காய்ச்சல், நெத்தியிலயும் முதுகுலயும் நாலஞ்சு முத்து. சூட்டுக் கொப்புளம்னு சொல்லித் தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். அது அம்மைதான்னு உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும் தாயி. மத்தவங்க தூக்கினா இடுப்பு வலிக்குதுன்னு அங்கன படுக்கையில கிடந்த நெல்லையப்பன் வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவாரு, அவரை நெஞ்சோட அணைச்சுத் தூக்கித்தான் தினமும் குளிப்பாட்டினேன். ரெண்டு வாரத்துல அவருக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டுடுச்சு. தண்ணி கூட முழுங்க முடியாம கிடந்து, போன வாரம் செத்துப்போனாரு.

அதோட விட்டுதா? பழி விடுதி ஆயா அலிமா மேல விழுந்தது. அக்கா மக கல்யாணத்துக்கு அச்சன்புதூர் போயிட்டு வந்தா பாரு, அங்கேயிருந்து அவதான் கொண்டு வந்துட்டான்னு ஆளாளுக்குப் பேசினாவ. நான் குத்தியிருக்கேன்னு கையைக் காட்டி அழுதா, ஒருத்தரும் கேக்கல, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நான் அங்கனயேதான் நின்னேன். வாயைத் திறக்கல. சீ, என்ன மனுசன் நான்! உன் காகிதம் வந்த பிறகு சோறு இறங்கல. வெள்ளிக்கிழமை போய் சூப்பிரண்டுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே விடுதிப் பக்கம் வராதேன்னுட்டாரு, அது சரிதான். அலிமாவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாரு, நானே போய்ச் சொல்லுதேன்னு, அவ போய் இருக்கிற அக்கா ஊரு அச்சன்புதூருக்கு நடந்தேன்.

திட்டுவா, விளக்குமாத்தை எடுப்பான்னு நினைச்சுப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன், அவ திட்டல. அண்ணாச்சி, அன்னைக்கு ஊசிக்குப் பயந்து நான் வரிசையை விட்டு ஓடினப்போ, ஒண்ணும் செய்யாது புள்ள, நம்மை நம்பிக் கிடக்கிறவங்களுக்காகக் குத்திக்கோன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது நீங்கதானேன்னு கேட்டா. ஆமா தாயி, நான்தான். சூப்பிரண்டு வேலைக்கு வரச் சொன்னாருன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரும்பிட்டேன்.

விடுதியில இன்னும் ரெண்டு பேருக்குக் காய்ச்சல்னு கேள்வி. அதனால ஆடிக்கு வராதே. உன் அம்மாவுக்கு நேத்துக் குத்தியாச்சு, கை வீங்கியிருக்கு, என்னோட பேசுறதில்ல. பேரனுக்குக் குத்திட்டியான்னு மறக்காம எழுது. உங்க மூணு பேரையும் அம்மன் நல்லா வச்சிருக்கட்டும், எனக்காக அவகிட்ட ஒண்ணும் கேட்கல. பிள்ளைக்கு ஊசி வேண்டாம்னு எந்தச் சாமியாடி வந்து சொன்னாலும் கேட்காதே, அது உன் அப்பனாவே இருந்தாலும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் முகத்துல முழிக்க வெட்கப்படுற அப்பா,
பேச்சிமுத்து